காவிரியில் 50 கிலோ மஹ்சீரை (கெண்டை வகையைச் சேர்ந்த பெரிய ஆற்றுமீன்) தூண்டிலில் பிடித்ததாகப் பழைய வேட்டைக் கதைகளில் வருகிறதே, நம்பலாமா? எப்படிப் பிடித்தார்கள்?

எடையை நம்பலாம். 1946இல் மைசூர்க்காரரான டி வெட் வான் இங்கன் காவிரியின் கிளை நதியான கபினியில் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. சந்தேகப்பட வேண்டியது, மனிதனும் மீனும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டியதாக வரும் பகுதியைத்தான். மஹ்சீர் பலத்தால் தப்புவதைவிடப் பாறையால் தப்புவதே அதிகம்.

தூண்டில் முள் ஏறியதும் அது நீரோட்டத்தோடு கீழே பாயும். ரீலிலிருந்து 100 மீட்டர் நரம்பு (தூண்டில் கயிறு) போவது சாதாரணம். இழுபட்டு விறைத்த நரம்பு பாறை விளிம்பில் உரசினால் அறுந்துவிடும், அது எத்தனை பவுண்டு தாங்கும் என்பதெல்லாம் அங்கே உதவாது. பாறையிடுக்கில் சிக்கிவிட்டால் இழுக்கவே கூடாது. நரம்பைத் தளர்த்திவிட்டு, பரிசலில் சிக்கிய இடத்துக்கு எதிர்ப்புறம் போய், வந்த வழியாகவே விடுவிக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் மீனும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதனால் பாதி வேலை பரிசல்காரருடையது. எந்த மடுவில் பாறை எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தவர் அவர்தான். கதைகளில் அவருக்குப் பெயர்கூட இருக்காது!

இரை பெரும்பாலும் கேழ்வரகு உருண்டை. மாவைக் கொதிநீரில் கிளறிப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, மறுபடி கொதிநீரில் போட்டு அரைமணி நேரம் வேகவிடுவார்கள். வாசனைக்குச் சோம்போ பெருங்காயமோ சேர்ப்பவர்களும் உண்டு. வேகவைப்பது கெட்டிப்படுத்தத்தான். இளகிய மாவென்றால் பொடிமீன்கள் ஐந்து நிமிடத்தில் கொத்தித் தீர்த்துவிடும். ரொம்பக் கெட்டியானாலும் தொல்லை: மீன் கடித்ததும் தூண்டிலைச் சுண்டும்போது முள் மாவைக் கிழித்து வெளியே வராமல் மீன் உருண்டையைத் துப்பிவிடும்.

ஈயத்தைக் குண்டாகக் கட்டாமல் பட்டையாக நரம்பில் சுற்றுவார்கள். பாறையில் மாட்டினால் ஈயம் மட்டும் உருவிக்கொண்டு போகும், மீன் தங்கும். முள் தடித்ததாக இருக்க வேண்டும். மஹ்சீரின் தாடையில் பல் கிடையாது, ஆனால் தொண்டையில் இருக்கும் பற்கள் நத்தை, நண்டு ஓட்டையே நொறுக்குபவை. மெல்லிய முள் நசுங்கி வரும்.

டிராக்கை (ரீலில் நரம்பு ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) அதிகமாக இறுக்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. முதல் ஓட்டத்தை நிறுத்தப் பார்க்காமல், நரம்பை விட்டுக்கொடுத்து, ராடை உயர்த்திப் பிடித்தால் பாறைகளுக்கு மேலாகவே நரம்பு போகும். களைத்த மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கக் கூடாது. செவுளில் கைபடாமல், தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, தானாக உதறிக்கொண்டு போகும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் மல்லாந்து மிதந்து செத்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ராடோடு காவிரிக்குக் கிளம்ப வேண்டாம். காவிரியின் அந்தப் பெரிய மீனான திமில் மஹ்சீருக்கு அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி (Tor remadevii). அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஒருகாலத்தில் மஹ்சீர் தூண்டிலுக்குப் பெயர்பெற்ற, கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகள் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கின்றன. பிடித்து விட்டுவிடும் தூண்டிலுக்குக்கூட இப்போது அங்கே இடமில்லை.