இந்தக் கொழுப்புக்குப் பத்தியம் வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. வயிறு உப்பிக்கொண்டே வந்தது, அடிக்கடி மூக்கில் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, கோஷே நோய், மண்ணீரலில் ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு சேர்கிறது என்றார்கள். நான் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன்; என் அம்மாயிதான் எனக்கு மாமியார். அவர் அன்றிலிருந்து பையனுக்கு முட்டை, நெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லை. இது சாப்பாட்டால் வந்ததா டாக்டர்?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: இன்றைக்கே முட்டை அவித்துக் கொடுங்கம்மா. சோற்றில் நெய்யும் விடுங்கள். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கே தேங்குவது நீங்கள் சமைத்துப் போட்ட கொழுப்பு இல்லை, அவன் உடம்பே செய்துகொள்வது. ஸ்பிங்கோலிப்பிட் இல்லாமல் நம் செல்களுக்குச் சவ்வே சரியாக அமையாது. நரம்புகளின் உறையில் அது நிறைய இருக்கிறது. தோலின் ஈரம் போகாமல் காக்கும் செரமைடும் அந்த வகைதான். அதே செரமைடு செல்லுக்குள் மிஞ்சிப்போனால் 'செத்துப்போ' என்று செல்லுக்கு உத்தரவு போகும். அதிலிருந்து உண்டாகும் இன்னொரு பொருளோ 'பிழைத்திரு' என்று சொல்லும். கெட்ட கொழுப்பு என்று இதை ஒதுக்க முடியாது.

கோளாறு, பழையதை உடைக்கும் இடத்தில். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடானவற்றை மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் தின்று, சவ்விலிருந்த கொழுப்பை ஒரு நொதியால் உடைக்கும். உங்கள் மகனுக்கு அந்த நொதி போதவில்லை. உடையாத கொழுப்பு தேங்கி மண்ணீரல் பெருக்கிறது. பெருத்த மண்ணீரல், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மூக்கில் ரத்தம். 1882இல் பிலிப் கோஷே முதலில் விவரித்தபோது இதைக் கட்டி என்றே நினைத்தார். நொதிக் குறைதான் காரணம் என்பது 1965இல்தான் தெளிவானது. சேலத்தில் என்னிடம் வரும் வயிறு உப்பிய குழந்தைகளில் பலர் பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் குடித்து முடித்துவிட்டே வருகிறார்கள். உப்பிய வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் டானிக் எழுதவே கூடாது என்பேன்.

சரி, குடும்பத்தில் யாருக்கும் இல்லையே? பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் இந்த நோய் வராது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வரும். நெருங்கிய சொந்தத்தில் அப்படிச் சேரும் வாய்ப்பு அதிகம். இதற்காக அம்மாயியோ நீங்களோ குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

குறைகிற நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றினால் மண்ணீரல் சுருங்கும், ரத்தம் ஏறும். ஆனால் அது மூளைக்குள் போகாது. அதனால் மூளையைத் தொடாத முதல் வகைதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செலவு மிக அதிகம், எடை கூடக்கூட மருந்தும் கூடும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று பெங்களூரின் மனித மரபியல் மையம். ரிப்போர்ட்டுகளோடு போய்ப் பதிவு செய்யுங்கள்.

அதுவரை வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரமேறுவதும் முட்டி மோதும் விளையாட்டும் வேண்டாம். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால், நன்றாகத் தெரிந்தாலும் அவர்களுக்கும் ரத்தத்தில் நொதி அளவைப் பார்த்துவிடுங்கள்.