ஒரு மரபணுவை ஒருமுறை இயக்கிவிட்டால் போதாதா? டிஎன்ஏவில் பிணையும் புரதங்கள் ஏன் தொடர்ந்து அங்கேயே இருக்க வேண்டும்?

போதாது. குரோமாட்டினுக்குள், அதாவது டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த அமைப்புக்குள், ஒரு மரபணு இயங்குவது, இடைவிடாமல் காக்கப்பட வேண்டிய நிலை. செல்களுக்குள் வெளி மரபணுக்களைச் செலுத்தி வளர்ப்பது என் வேலை. ஆகவே இதை நுண்ணோக்கியில் அடிக்கடி பார்க்கிறேன். ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் பெற்ற செல்கள் தொடக்கத்தில் பச்சையாக மின்னும். வாரங்கள் செல்லச் செல்லப் பலவும் மங்கி இருண்டுவிடும். மரபணுவின் வரிசையில் ஓர் எழுத்தும் மாறியிராது; அருகிலிருந்த இறுகிய குரோமாட்டின் அதன்மீதும் படர்ந்திருக்கும்.

படரும் விதம் இதுதான்: டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களுள் ஒன்றான எச்3இன் 9ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மீதைல் குறி (ஒரு சிறு வேதித் தொகுதி) விழுந்தால், எச்பி1 என்ற புரதம் அதில் ஒட்டிக்கொள்கிறது, அது வரவழைக்கும் நொதி அடுத்த நியூக்ளியோசோமிலும் (டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் உருண்டையிலும்) அதே குறியை இடுகிறது, அங்கும் எச்பி1 வந்து சேர்கிறது.

இந்தச் சங்கிலியை அறுப்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, கோழியின் பீட்டா குளோபின் மரபணுத் தொகுதியின் ஓரத்திலுள்ள எச்எஸ்4 என்ற டிஎன்ஏ பகுதி. அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் கேரி ஃபெல்சன்ஃபெல்டின் குழு, அது மரபணுவை அக்கம்பக்கத்தின் தாக்கத்திலிருந்து காக்கும் ஒரு காப்புப் பகுதியாகச் செயல்படுவதை 1993இல் காட்டியது. அதில் பிணையும் புரதங்களுக்குள் வேலைப் பிரிவினை இருப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தொலைவிலிருந்து மரபணுக்களை முடுக்கிவிடும் ஊக்கிப் பகுதிகளின் தாக்கத்தைத் தடுப்பது சிடிசிஎஃப் என்ற புரதம். ஆனால் அது பிணையும் இடத்தை நீக்கினாலும் இறுகிய குரோமாட்டினுக்கு எதிரான பாதுகாப்பு குலைவதில்லை. அந்தப் பொறுப்பில் முதன்மையானது யுஎஸ்எஃப்1 என்ற புரதம். டிஎன்ஏவில் அது அமர்ந்ததும் பிசிஏஎஃப், பிஆர்எம்டி1 முதலிய நொதிகளைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு, அருகிலுள்ள ஹிஸ்டோன்களில் அசிட்டைல் குறிகளையும் வேறு இடங்களில் இயக்கத்துக்குரிய மீதைல் குறிகளையும் இடச் செய்கிறது. எச்3இன் அதே 9ஆம் இட லைசினில் அசிட்டைல் ஏறிவிட்டால், அதே இடத்தில் அடக்கும் மீதைல் குறி விழ வழியில்லை. சங்கிலி அங்கேயே அறுகிறது. டிஎன்ஏவிலேயே மீதைல் ஏறாமல் காப்பது வெஸ்எஃப்1 என்ற மற்றொரு புரதம்.

தொடர்ந்து இருக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை அதே குழு 2007இல் வெளியிட்ட சோதனையில் இருக்கிறது. எச்எஸ்4 துணையோடு செல்லுக்குள் வைக்கப்பட்ட மரபணு நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது; யுஎஸ்எஃப்1 டிஎன்ஏவில் பிணைவதைக் குலைக்கும் ஒரு பெப்டைடைச் (சிறு புரதத் துண்டைச்) செல்லில் உருவாகச் செய்ததும், எச்எஸ்4 வரிசை அப்படியே இருந்தும்கூட, அந்த மரபணு அடங்கிவிட்டது.