கார்னகி மட்டும் காலேஜ் போனாரா என்று மகன் கேட்டால்

அம்மா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகன் காலேஜே வேண்டாம், நேராக வேலைக்குப் போகிறேன் என்கிறான், ஏன்டா என்றால் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 13 வயதில் வேலைக்குப் போனவர்தானே என்று மடக்குகிறான் என எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்வது பொய்யில்லை, பாதிக் கதை.

கார்னகி ஆசைப்பட்டுப் படிப்பை விடவில்லை. ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்ற ஊரில் அவர் அப்பா கைத்தறி நெசவாளர். நீராவித் தறி வந்து பிழைப்பு போனதும், 1848இல் கடன் வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய குடும்பம் அது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் பஞ்சாலையில் பாபின், அதாவது நூல் சுற்றும் உருளை, மாற்றும் வேலை அவருக்குக் கிடைத்தது, நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட்.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் உங்கள் மகன் பார்க்க வேண்டும். அடுத்து தந்தி ஆபீசில் தந்தி கொண்டு போய்க் கொடுக்கும் வேலைக்குப் போனார். காலையில் ஆபரேட்டர்கள் வருவதற்கு முன்பே போய்த் தந்திக் கருவியில் பழகிப் பழகி, குறிகள் பதிவாகும் காகித நாடாவைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டே செய்தியை எழுதப் பழகிக்கொண்டார், அந்தக் காலத்தில் அது வெகு சிலருக்கே வந்த வித்தை. சனிக்கிழமைகளில் கர்னல் ஆண்டர்சன் என்பவர் உழைக்கும் பையன்களுக்காகத் திறந்துவைத்த 400 புத்தகங்கள். தொழில் பழகுநர்களுக்கு மட்டும்தான் இலவசம், மற்றவர்கள் 2 டாலர் கட்டு என்று பிறகு அந்த நூலகத்தில் சொன்னபோது, பையன் பத்திரிகைக்கே கடிதம் எழுதி அதை மாற்ற வைத்தார். குளிர்காலத்தில் இரவு வகுப்பில் கணக்குப்பதிவியல் வேறு. சொல்லுங்கள், இவரா படிக்காதவர்?

1853இல் பென்சில்வேனியா ரயில்வேயில் அதிகாரியாக இருந்த தாமஸ் ஸ்காட் அவரை மாதம் 35 டாலருக்குச் சேர்த்துக்கொண்டார், 24 வயதில் ஒரு டிவிஷனுக்கே மேலாளர். ஸ்காட் மாதிரி ஒருவர் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்தான், அதை மறைக்க வேண்டாம். 1875இல் பிட்ஸ்பர்க் பக்கத்து பிராடக்கில் அவருடைய எஃகு ஆலை ஓடத் தொடங்கியபோது, டன்னுக்கு என்ன செலவு என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்ததில் அந்த இரவு வகுப்பு தெரிகிறது. அதற்கு முன்பே, மற்ற உலைக்காரர்கள் வீண் செலவு என்று நினைத்த காலத்தில், படித்த வேதியியலாளர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்.

1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தையும் அவன் படிக்கட்டும். கூலி வெட்டை எதிர்த்த தொழிலாளர்கள் மேல் கம்பெனி கூலிக் காவல்படையை அனுப்பி, இரண்டு பக்கமும் உயிர் போன கதை. முதலாளி கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில். நான் அவரை முழுசாக நல்லவர் என்று சொல்ல மாட்டேன்.

1901இல் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றார், 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். 1900இல், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்காக பிட்ஸ்பர்க்கில் தொழிற்கல்விப் பள்ளிக்கும் நிதி அறிவித்தார், இன்றைய கார்னகி மெலன் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். மகன் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அவனோடு சண்டை போடாதீர்கள். போக நினைக்கும் வேலையில் முதல் வருஷம் என்ன கற்றுக்கொள்வான், யார் சொல்லித் தருவார்கள், அதே வேலையை நாலு வருஷத்தில் இயந்திரம் எடுத்துக்கொள்ளுமா என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பதில் இருந்தால் வேலைக்குப் போகட்டும், மாலைநேரப் படிப்போ தொலைநிலைப் படிப்போ சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். தாள் காலியாக வந்தால் அந்தத் தாளோடு என்னிடம் கூட்டி வாருங்கள்.