பட்டியோடு கிடக்கும் நாய்

வணக்கம் அண்ணா,

நான் வேல்சில் இருக்கிறேன். ஊர் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம். இந்தப் பங்குனி, சித்திரையில் இங்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன ஆட்டுப் பண்ணைக்குக் குட்டி ஈனும் காலத்து உதவியாளாகப் போயிருந்தேன். இரவில் டோர்ச் லைட்டோடு தாய் ஆடுகளைப் பார்த்துத் திரிவது, குளிரில் விறைத்த குட்டியை அடுப்படிக்குக் கொண்டுவந்து சூடாக்குவது, தாய் சேர்க்காத குட்டிக்குப் போத்தலில் பால் கொடுப்பது எல்லாம் பழகிவிட்டேன். என்னை மயக்கியது அந்தப் பண்ணை நாய். போர்டர் கொலி. பண்ணைக்காரர் ஒரு விசில் அடித்தால் மலையைச் சுற்றி ஓடி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும் ஆடுகளையெல்லாம் ஒன்றாக்கிக் காலடியில் கொண்டுவந்து நிறுத்தும்.

அப்பாவின் ஐந்து ஏக்கர் காணி ஊரில் சும்மா கிடக்கிறது. இடம்பெயரும் வரை அங்கே மாட்டுப்பட்டியும் கொஞ்சம் செம்மறியும் இருந்தன. திரும்பி வந்து இருபது செம்மறியோடு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு கொலிக் குட்டியையும் கொண்டுவரலாமா? இங்கே வசந்தத்தில் குட்டி ஈனவிடுகிறார்கள். நம்மூரில் அதற்கு ஏற்ற காலம் எது? நீங்கள் பட்டி வைத்திருப்பதை எழுதி வருவதால் கேட்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் மனம் நாயில்தான் நிற்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் நாயிலிருந்தே தொடங்குகிறேன். கொலியைக் கொண்டுவர வேண்டாம்.

அந்த நாயில் குறை கண்டு சொல்லவில்லை. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் தொடும் எல்லைப்புறத்தில், ஒரே வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம் அது. 1893இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்த ஹெம்ப் என்ற கடுவனைத்தான் அந்த இனத்தின் பாட்டன் என்கிறார்கள். பிரித்தானியாவில் பதிவான முதல் மேய்ப்புநாய்ப் போட்டி 1873இல் நடந்ததும் வேல்சிலுள்ள பாலா என்ற ஊரில்தான். கிட்ட இருந்தால் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நாய் ஆட்டை நகர்த்தும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். உடம்பைத் தாழ்த்தி, தலையை நீட்டி, கண் வெட்டாமல் பார்த்தபடி அடிமேல் அடி வைக்கும். அது வேட்டை மிருகத்தின் நடை. கடைசியில் பாய்ந்து கடிப்பதை மட்டும் மனிதன் அதிலிருந்து கழித்துவிட்டான். ஆடு அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நகர்கிறது. பரந்த மலையில், நாட்கணக்கில் ஆள் முகம் காணாமல் சிதறி மேயும் ஆட்டைச் சேர்த்தெடுக்க அந்தப் பயம் தேவை. நாய் இல்லாமல் தனி மனிதனால் அங்கே ஆகாது.

வன்னியில் பட்டி அப்படி மேய்வதில்லை. காலையில் படலை திறந்ததும் ஆளோடு போகும், பொழுதுபட ஆளோடு திரும்பும். ஒரு பக்கம் அடுத்தவர் வயல், மறுபக்கம் காட்டோரம், நடுவில் வரம்பும் வண்டிப்பாதையும். வயதான மறி (பெட்டை ஆடு) ஒன்று முன்னே போகும், மற்றவை அதன் பின்னே போகும். அந்த ஒன்றைக் குரலால் திருப்பத் தெரிந்தால் போதும். இங்கே ஆட்டை நோக்கி ஓடிவரும் நாய் என்றால் அது கட்டாக்காலி நாய்தான், குட்டியின் தொடையைக் கிழிக்க வருவது. நம்மூர்ச் செம்மறிக்குத் தெரிந்தது அது மட்டும்தான். கொலி நல்ல நோக்கத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினாலே அவை பற்றைக்குள் பாய்ந்துவிடும். சினை மறிகளை 35 பாகை வெயிலில் அப்படி ஓடவிட்டால் குட்டி கலையும்.

நாய்க்கும் பாவம். அதன் மயிர் குளிருக்கென்று இரண்டு அடுக்காக வளர்ந்தது. பங்குனி வெயிலில் காலை ஒன்பது மணிக்கே நாக்கைத் தொங்கப்போட்டு நிழல் தேடும். உண்ணிக் காய்ச்சலுக்கு நம்மூர் நாய்களே வாடுகின்றன.

ஆட்டை ஓட்ட நமக்கு நாய் தேவையில்லை. ஆட்டோடு கிடக்கத்தான் ஒரு நாய் வேண்டும். பகலில் கட்டாக்காலி நாய், கருக்கலில் நரி, பற்றைக்குள் வெங்கிணாந்தி (மலைப்பாம்பு), காடு கிட்டவானால் சிறுத்தை, எல்லாவற்றுக்கும் மேலே இரவில் வாகனத்தோடு வரும் கள்ளன். இவர்களுக்கும் பட்டிக்கும் இடையில் நிற்க ஒருவன் வேண்டும். துருக்கியிலும் இத்தாலியிலும் அதற்கென்றே பெரிய காவல் இனங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகவும் தேவையில்லை. அமெரிக்காவின் நவஹோ மக்கள் இனம் தெரியாத கலப்பு நாய்களையே சின்னக் குட்டியிலிருந்து ஆட்டோடு விட்டு வளர்த்து, நரி போன்ற கொயோட்டிகளிடமிருந்து மந்தையைக் காக்கிறார்கள்.

இன்னும் பழைய சாட்சியும் இருக்கிறது. சார்ள்ஸ் டார்வின் 1833இல் உருகுவேயில் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். வீடு வாசல் இல்லாத வெளியில், ஆளே இல்லாமல், ஒன்றிரண்டு நாய்களின் காவலில் பெரிய ஆட்டு மந்தைகள் மேய்ந்தனவாம். நாய்க்குட்டியைத் தாயிடமிருந்து இளமையிலேயே பிரித்து, நாளுக்கு மூன்று நான்கு தரம் தாய் ஆட்டில் பால் குடிக்கவிட்டு, ஆட்டுப்பட்டிக்குள்ளேயே கம்பளி மயிரில் படுக்கை போட்டு வளர்ப்பார்களாம். வளர்ந்தபின் அது சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வரும். வந்தால் வீட்டு நாய்கள் துரத்தும், இது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். ஆனால் தன் மந்தையைத் தொட்டதும் திரும்பி நின்று ஒரு குரல் குரைக்கும். துரத்தி வந்த நாய்கள் அத்தனையும் திரும்பி ஓடும். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர் நாய்கள்தான் கண்முன்னே வரும். அவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. அதை வளர்க்க நாம்தான் மினக்கெடுவதில்லை.

சரி, எப்படி வளர்ப்பது? நல்ல தாய் நாயாகப் பார்த்து, குட்டி பால் மறக்கும் பருவத்தில், ஏழெட்டுக் கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். உடும்புக்கும் முயலுக்கும் ஆளோடு காட்டுக்குப் போகும் நாயின் குட்டி வேண்டாம். அதன் இரத்தத்தில் துரத்தல் இருக்கும். எடுத்த அன்றே கொட்டிலில் ஒரு மூலையை அடைத்து அமைதியான மறி ஒன்றையும் இரண்டு குட்டிகளையும் அதோடு விடுங்கள். சோறு அங்கேதான் வைக்க வேண்டும். வீட்டுத் திண்ணைக்குப் பழக்காதீர்கள், பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சவும் விடாதீர்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். அதற்காக ஆளையே அண்டாத நாயாகவும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் கூப்பிட்டால் வரவேண்டும், காயம் பார்க்க நிற்க வேண்டும். ஆறேழு மாதத்தில் விளையாட்டுப் புத்தி வரும், ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வி இழுக்கும். குழப்படி மாட்டுக்குக் கட்டுவதைப் போல அதன் கழுத்திலும் ஒரு சிறு கட்டையைத் தொங்கவிடுங்கள். ஓடினால் முழங்காலில் தட்டும், தானாகவே நின்றுவிடும். விசர்நாய்த் தடுப்பூசியை ஒரு வருடமும் தவறவிடாதீர்கள். செத்த குட்டியையும் இளங்கொடியையும் (நஞ்சுக்கொடி) ஆழமாகப் புதையுங்கள். அந்த ருசி பழகிய நாயைப் பிறகு பட்டியில் வைத்திருக்க முடியாது.

எங்கள் பட்டிநாய் கறுப்பு, ஒரு காது மடிந்தது, பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். போன மாசியில் அறுத்த வயலில் பட்டி மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு மறி பின்தங்கி, வரம்போரம் ஈன்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை, பட்டி அடுத்த வயலுக்குப் போய்விட்டது. நாய் வரவில்லை. கூப்பிட்டேன், அப்போதும் வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், ஈரம் காயாத குட்டி தாளுக்குள் எழும்பி விழுந்துகொண்டிருக்கிறது, தாய் நக்குகிறது, இது பத்தடி தள்ளி அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது. கிட்டப் போனால் தாய் மிரளும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் கொப்பூழுக்கு அயடின் போட்டு, குட்டியைக் கடும்புப் பால் குடிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்த பிறகுதான் அது எழும்பியது.

சிறுத்தை நடமாடும் இடமென்றால் நாயை மட்டும் நம்பாதீர்கள். சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. இரவில் உயரமான, கூரையும் உள்ள கொட்டிலில் ஆட்டோடு சேர்த்து அதையும் அடையுங்கள். அலம்பல் வேலி நரிக்குத்தான் போதும்.

இனி, குட்டி ஈனும் காலம். வேல்சில் ஆடு இலையுதிர் காலத்தில், பகல் குறையத் தொடங்கும்போதுதான் கிடாயைத் தேடும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். அதனால் புல் துளிர்க்கும் பங்குனி, சித்திரையில் ஈன்றுவிடும். வன்னியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். நம் நாட்டுச் செம்மறி வருடம் முழுக்கச் சினைப்படும். கிடாயைப் பட்டியோடு விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஈனும். அப்போது விடாத மழை, சேறு, வாடைக் குளிர். பிறந்த குட்டி நனைந்து கழிந்து சாகும். அங்கே நீங்கள் குளிரோடு போராடினீர்கள், இங்கே ஈரத்தோடு போராட வேண்டும்.

ஆகவே கிடாயைத் தனியாகக் கட்டி வைத்து, ஆடிக் கடைசியில், ஆவணியில் விடுங்கள். தை, மாசியில் குட்டி விழும். மழை ஓய்ந்து புல் இருக்கும். மாசி, பங்குனியில் காலபோக நெல் அறுத்து முடிய வயல்கள் திறக்கும். தாய்க்குப் பால் ஊறும். சித்திரையில் குட்டி பால் மறந்து, கச்சான் காற்று புல்லைக் காய்ச்சுவதற்கு முன் தன் காலில் நிற்கும். வன்னியில் பட்டிக்கு வசந்தம் என்றால் இந்த மூன்று மாதம்தான். ஆவணியில் மறிகள் மெலிந்திருக்கும் என்பது ஒரு சிக்கல். தையில் கச்சான் (நிலக்கடலை) பிடுங்கும்போதே கொடியைக் காயவைத்துக் கட்டிவையுங்கள். கிடாய் விடுவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பிருந்து அதோடு கொஞ்சம் தவிடும் பூவரசு இலையும் கொடுங்கள். குளத்து அலைகரையிலும் அப்போது பச்சை இருக்கும். முதலை உள்ள குளமா என்று மட்டும் ஊரில் கேட்டுவிட்டு இறக்குங்கள்.

மாரி முடிந்ததும் ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கீழிமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி இருந்தால் குடற்புழு இரத்தம் குடிக்கிறது. தாடைக்குக் கீழே வீக்கமும் கண்டால் மிருக வைத்தியரிடம் அன்றைக்கே போங்கள்.

அறுத்த வயலில் இறக்கும்போது இரண்டு விஷயம். மெசின் நின்று நெல் கொட்டிய இடத்தை முதலில் பாருங்கள். சிந்திக் கிடக்கும் நெல்லைச் செம்மறி கண்டபடி தின்றால் வயிறு ஊதி, விடியுமுன் செத்துவிடும். அடுத்தது, வயற்காரரிடம் கேட்காமல் இறக்காதீர்கள். சிலர் நெல்லுக்குப் பிறகு பயறோ உழுந்தோ போடுவார்கள். கேட்டுப் போனால் பல பேர் இரவில் பட்டி அடைக்கவே கூப்பிடுவார்கள். ஆட்டெருவின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

மேய்ச்சல் தரைதான் இன்றைக்கு வன்னியின் பெரிய பிரச்சினை. வற்றாப்பளையில் அம்மன் கிழவியாக வந்தபோது முதலில் கண்டு, பொங்கிக் கொடுத்தது மேய்ச்சல் சிறுவர்கள் என்பதுதான் நம் ஐதீகம். நந்திக்கடலோரத்தில் அவ்வளவு காலமாகப் பட்டிகள் மேய்ந்திருக்கின்றன. இன்று காட்டுக்குள் போனால் வழக்கு, வயலுக்குள் போனால் சண்டை. 2009இல் படலையைத் திறந்து பட்டியை விட்டுவிட்டு வெளியேறியவர்களில் திரும்பி வந்தும் பட்டி வைக்காமல் இருப்பவர்கள் பலர். மேய்க்க இடமில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகையால் ஐந்து ஏக்கரில் ஒரு பங்கைத் தீவனத்துக்கென்றே ஒதுக்குங்கள், வேலி முழுக்கக் கிளிசரிடியா நடுங்கள். உங்கள் காணியும் அதை ஒட்டிய காட்டோரமும் மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டவையா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே ஆட்டை வாங்குங்கள். ஆடு பலகை பார்த்து நடக்காது.

இருபதா, பத்தா என்பதை இப்போது சொல்ல மாட்டேன். காணிக் கிணற்றில் ஆவணி மாதம் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் காலத்தில் செம்மறிகள் எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தன என்றும் கேளுங்கள். பதில் வந்ததும் கணக்குப் பார்ப்போம்.