பர்மா தேக்குக் கதவு, தூண்களை வீட்டுப் பொருட்களாலேயே எப்படிச் சுத்தம் செய்வது?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டு நிலைக்கதவுக்கும் பட்டாசாலை என்ற கூடத்துத் தூண்களுக்கும் கடைப் பாலிஷ் இல்லாமல் வழி கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் இருக்கிறது.

முதலில் ஈரமே வேண்டாம். செதுக்கு வேலையின் இடுக்குகளில், குறிப்பாக யாளியின் பல்லிடுக்கிலும் கஜலட்சுமியின் விரலிடுக்கிலும், தூசு கட்டியாக அடைந்திருக்கும். மெல்லிய பெயிண்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஈரத்துணி போட்டால் தூசு சேறாகி உள்ளேயே ஒட்டிவிடும்.

அப்புறம் இரண்டு டம்ளர் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர், ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் குலுக்கி, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். ஆத்தங்குடி தரையில் மட்டும் இது சொட்டவே கூடாது. அது சிமென்ட் கல்; வினிகர், எலுமிச்சை, புளி எல்லாமே அரித்துவிடும். கீழே பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் தேய்க்கும்போதும் அப்படித்தான்.

மெருகுக்குப் பலர் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது உலராது, பிசுபிசுவென்று நின்று தூசியை இழுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப்பட்டு இறுகும். 200 மில்லி எண்ணெயில் 50 கிராம் தேன்மெழுகைப் போட்டு, நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். ஆறியதும் கொஞ்சமாகத் தொட்டுப் பூசி, சற்று நேரம் கழித்துக் காய்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள்.

ஒன்று முக்கியம்: ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.