சிறிமா காலத்து மிளகாய்க் காசு திரும்ப வருமா?

கேள்வி: கிளிநொச்சியில் நானும் தம்பியும் இரண்டு ஏக்கரில் மிளகாய் போட இருக்கிறோம். "சிறிமா காலத்தில் இறக்குமதியை நிறுத்தினார்கள், செத்தல் (காய்ந்த மிளகாய்) வித்த காசில் கல்வீடு கட்டினோம். திரும்பத் தடை வந்தால் அதே காலம்தான்" என்கிறார் அப்பப்பா. அதை நம்பி வங்கிக் கடன் எடுக்கலாமா?

பதில்: அப்பப்பா சொல்வதில் பொய் இல்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த 1970-77 இல் செத்தல், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி இறுக்கப்பட, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பொடியன்கள் காடு வெட்டி மிளகாய் போட்டு நிமிர்ந்தார்கள்.

ஆனால் அது விவசாயி மேல் வந்த பாசம் அல்ல. தேயிலை விற்ற டொலர் போதவில்லை, 1973 இல் எண்ணெய் விலையும் ஏறியது. அரிசிக்கும் மாவுக்குமே திண்டாடிய அரசு செத்தலுக்கு டொலர் கொடுக்குமா?

அந்த நல்ல விலையை யாரோ கொடுத்துத்தானே வாங்கினார்கள். விடியப்புறமே பாணுக்குக் கியூ. கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசி குறைந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு; பஸ்ஸை மறித்துப் பையைக் கிண்டிப் பார்ப்பார்கள். அதையும் அப்பப்பாவிடம் கேளுங்கள், சொல்லுவார். மலையகத் தோட்டங்களில் 1974 அளவில் பட்டினிச் சாவு கூடியது. அங்கிருந்து பசியோடு வன்னிக்கு வந்தவர்களும்தான் இங்கே மிளகாய் ஆய்ந்தார்கள், கூலிக்கு. நம்மவர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. கல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேறு கதவு மூடியது: 1971 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவபீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மூலம் 229 போதும்.

1977 யூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன வென்றார், ஆண்டு முடிவதற்குள் இறக்குமதி திறந்தது, மிளகாய் விலை விழுந்தது. கடனுக்கு இறைப்பு மெஷின் வாங்கியவர்கள் பட்ட பாடு பெரிது.

சரி, இன்றைக்குத் தடை வந்தால்? டொலர் இல்லாமல் வரும் தடை செத்தலோடு நிற்காது. 2021 இல் உரத்தை நிறுத்தினார்கள், 2022 இல் டீசலுக்குக் கியூவில் நின்றோம். மிளகாய்க்கு விலை இருந்தும் இறைக்க எண்ணெய் இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஆகவே தடை இல்லாத விலையில் கணக்குப் போடுங்கள். செத்தல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. மொத்தக் கடையில் அது என்ன விலை என்று கேட்டு, உங்கள் கிலோச் செலவு அதைவிடக் குறையாவிட்டால் காயப்போடவே வேண்டாம். பச்சை மிளகாய்க்கு அந்தப் போட்டி குறைவு. ஆனால் எல்லாரும் ஒரே கிழமை ஆய்ந்து சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க ஆளிராது. முதல் போகம் அரை ஏக்கர், கைக்காசில். அப்புறம் கடன் எடுத்தாலும் மெஷினுக்கும் குழாய்க்கும் மட்டும் எடுங்கள். விலை விழுந்தால் அவற்றை விற்றாவது ஒரு பகுதியைக் கட்டலாம், கூலியாகக் கொடுத்த காசு திரும்பாது.