அந்த விரல் யாருடையது?

கேள்வி: வணக்கம் சார். என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் புரோட்டா மாஸ்டர். பிசைந்த மாவை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுக்கி, மளமளவென்று உருண்டை கிள்ளிப் போடுவார். பத்தாவது படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "செல் பிரியறதும் இப்படித்தாம்மா, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி ரெண்டாயிடும்" என்றாள். மாவை இவருடைய விரல் நெருக்குகிறது. செல்லை நெருக்குகிற விரல் யாருடையது? அவளைக் கேட்டால் புத்தகத்தில் போடவில்லை என்கிறாள்.
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, முப்பத்தொரு வருடம் தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்காதபடிதான் பாடம் நடத்தினேனோ என்னவோ. மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் பிரிவதற்கு நாலு கட்டம், நாலு பெயர், நாலு படம். கடைசிப் படத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அதற்குள் மணி அடித்துவிடும்.

வெளியிலிருந்து யாரும் நெருக்குவதில்லை. செல்லின் மேல்தோலுக்கு உள்பக்கம், அதை ஒட்டினாற்போல, இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் உண்டாகிறது. இனி புரோட்டாக் கடையை விட்டுவிட்டுக் காசிமேட்டுக்கு வாருங்கள். சுருக்குமடி வலையின் அடியோரத்தில் வரிசையாக வளையங்கள் இருக்கும், அவற்றின் வழியே ஒரு கயிறு ஓடும். கயிற்றை இழுத்தால் வலையின் அடிவாய் மூடிக்கொள்ளும். (அந்த வலை வேண்டுமா கூடாதா என்கிற வழக்குக்கு நான் வரவில்லை.) செல்லின் இடுப்பிலும் அப்படி ஒரு கயிறு. ஆனால் படகில் நின்று இழுக்க ஆள் கிடையாது. கயிறே தன்னை இழுத்துக்கொள்கிறது.

அந்தக் கயிறு ஆக்டின் என்ற புரத இழைகளால் ஆனது. ஓர் இழையின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. இழைகளுக்கு நடுவே மையோசின் என்ற இன்னொரு புரதம் இரண்டு பக்கமும் கை நீட்டிப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்படி இழுக்கிறது. வளையம் சிறுக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் மாவு பிசையும்போது புஜம் இறுகுகிறதே, அங்கே இழுப்பதும் ஆக்டினும் இந்த மையோசினின் பங்காளி ஒருவனும்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆயாவின் சுருக்குப்பையை இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகத் திரண்டு தடித்துப்போகும். செல்லின் கயிறும் சுருங்கச் சுருங்கத் தடிக்க வேண்டும் அல்லவா? கடல் முள்ளெலியின் முட்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த தாமஸ் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர், 1972-இல் அப்படி நடக்கவில்லை என்று காட்டினார். வளையம் சிறிதாகிறது, தடிமன் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதாவது இறுக்கிக்கொண்டே தன் இழைகளைக் கரைத்துக்கொண்டும் வருகிறது. வேலை முடியும்போது கயிறும் முடிந்துவிடும்.

சரி, கயிறு சரியாக நடுவில் விழ வேண்டும் என்று யார் சொன்னது? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகள் நாளைக்குக் கேட்பாள். அமெரிக்காவில் ரே ராப்பபோர்ட் என்பவர் 1961-இல் ஒரு காரியம் செய்தார். கடல் முள்ளெலிக்கு உறவுக்காரப் பிராணி ஒன்று, வட்டுப் போலத் தட்டையாக இருக்கும். கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் அதன் முட்டையை எடுத்து, நடுவில் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்து அழுத்தினார். முட்டை உளுந்துவடை ஆகிவிட்டது! ஓட்டை வடை.

முதல் பிரிவில் வடையின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டது. மிச்சம் லாடம் மாதிரி வளைந்த ஒரே செல். இரண்டு கையிலும் ஒவ்வொரு உட்கரு. அடுத்த பிரிவில் கைக்கு ஒரு வெட்டு விழும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் லாடத்தின் வளைவிலும் மூன்றாவதாக ஒரு வெட்டு விழுந்தது. அங்கே குரோமோசோம் இல்லை, அவற்றை இழுக்கும் கதிரும் (நுண்குழல் என்ற மெல்லிய புரதக் குழாய்களின் கட்டு) இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் நட்சத்திரம் போல விரிந்த நுண்குழல்களின் நுனிகள் மட்டும் அங்கே எதிரெதிராக வந்து நின்றன. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே எல்லை போடு என்பதுதான் உத்தரவு என்று புரிந்தது. அந்த உத்தரவு போகிற வழியில் ரோ-ஏ என்ற புரதம் தோலுக்கடியில் விழித்துக்கொண்டு ஆக்டினையும் மையோசினையும் கூட்டுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஒரு கண்ணாடிக் குண்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்டவரைப் பற்றி நான் ஒரு வகுப்பிலும் சொல்லவில்லையே என்று இப்போது உறுத்துகிறது.

கேள்வி: அந்த மையோசினை எடுத்துவிட்டால் செல் பிரியவே பிரியாதா?
- கல்லூரி மாணவன், வியாசர்பாடி

பதில்: தம்பி, மண்ணில் வாழும் ஒருவகை அமீபாவில் 1987-இல் அதைச் செய்து பார்த்தார்கள். திரவத்தில் மிதக்க விட்டால் பிரிய முடியாமல், பல உட்கருக்களோடு ஊதிப்போய்க் கிடந்தன. தரையில் ஒட்டியிருந்தவை மட்டும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தன. இரண்டு பாதியும் எதிரெதிர்த் திசையில் ஊர்ந்து போய், நடுவை இழுத்தே அறுத்துக்கொண்டன. விலங்குச் செல்லிலும் வளையம் இறுகியதோடு கதை முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலம் ஒன்று மிஞ்சும். அதை அறுக்கிறவை வேறு புரதங்கள். மனிதச் செல்லில் அதற்கு மணிக்கணக்கில்கூட ஆகும்.

கேள்வி: மாடியில் செங்காந்தள் வைத்திருக்கிறேன். அதிலிருந்து செல் பிரிவதை நிறுத்தும் மருந்து எடுக்கிறார்களாமே?
- ஒரு வாசகர், மாதவரம்

பதில்: உண்மைதான். நம் மாநிலப் பூ. கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் இருக்கிறது. நுண்குழலைக் கட்டும் செங்கல்லை அது பிடித்துக்கொள்வதால் குழல் எழும்பாது, குரோமோசோமை இழுக்க ஆளில்லாமல் செல் பாதி வழியில் நின்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் குரோமோசோமை எண்ணுவதற்கு அப்படி நிறுத்தித்தான் படம் எடுக்கிறார்கள். அளவோடு கொடுத்தால் கவுட் என்ற மூட்டுவலிக்கும் மருந்து. அளவு தப்பினால் உயிரை வாங்கும் விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொட்டியை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: செடியின் செல்லும் இடுப்பு ஒடுங்கித்தான் பிரிகிறதா?
- எட்டாம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்

பதில்: இல்லை கண்ணு. அதற்கு வெளியே கெட்டியான சுவர் இருக்கிறது, ஒடுங்காது. நடுவில் ஒரு தட்டி எழுப்பி, அதை ஓரம் வரைக்கும் வளர்த்துத் தடுத்துக்கொள்ளும். வெங்காய வேர் நுனியில் பார்க்கலாம். உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் கண்ணாடி உடையாமல் இருந்தால்.